நாலு ஓட்டை வழியாக நான் மெலிந்த கதை

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலையில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தொப்பை வருவது அத்தனை எளிதல்ல. எங்கள் கொல்லிமலையில் சர்க்கரை வாங்கக் கடைக்குப் போனாலும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் உண்டு. என் அப்பா அறுபது வயதைத் தாண்டிய பிறகும் ஏணி வைத்து மரமேறி மிளகு பறிப்பார். அம்மா மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வருபவரோடு பேசியபடியே மேடு ஏறுவார். அப்படிப்பட்ட குடும்பத்தில், அப்படிப்பட்ட ஊரில், முப்பத்தொரு வயதில் ஒருவன் நாற்பது அங்குல இடுப்பை உண்டாக்கிக் காட்டுகிறான் என்றால் அதற்குத் தனி உழைப்பு வேண்டும். நான் உழைத்தேன். உட்கார்ந்தபடியே.

மலைமேல் செம்மேட்டில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. வீடு வாழவந்தி நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு). வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு பைக். அலுவலகத்திலிருந்து எதிரே இருக்கும் டீக்கடைக்கும் பைக். (சிரிக்காதீர்கள். வெயில் அடிக்கும்.) டீயோடு இரண்டு போண்டா, பலாப்பழ சீசனில் கூடுதலாகப் பத்துச் சுளை. மலையில் என் ஒருவனுக்குத்தான் சட்டைக்கு முன்னால் நிழல் விழும் என்று டீக்கடையில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், எனக்கு நிச்சயதார்த்தம் நடக்கும் வரை.

பெண் மேனகா. அதே மலையில் குண்டூர் நாட்டுக்காரி. நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நிச்சயத்தன்று போட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது. பிடித்தேன். மாலை மாற்றும்போது பிடித்தேன், தட்டு மாற்றும்போது பிடித்தேன், பெரியவர்கள் காலில் விழும்போதும் பிடித்தேன். ஆல்பம் வந்தது. எல்லாப் படத்திலும் மேனகா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் கிணற்றிலிருந்து அப்போதுதான் தூக்கிப் போட்டவன் மாதிரி, கண் பிதுங்கி, கன்னம் கறுத்து, நான். அவ்வளவு தியாகத்துக்கும் தொப்பை அசைந்து கொடுக்கவில்லை. அது தன்பாட்டுக்குப் படத்தின் நடுவில் இருந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன். கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. மற்றவர்களாக இருந்தால் நடப்பார்கள், சோற்றைக் குறைப்பார்கள். அதெல்லாம் படிக்காதவர்கள் செய்வது. நான் போனில் தேடினேன். ஊசி போட்டு, குழாய் விட்டு, கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடுவார்களாம். லைப்போசக்ஷன் என்று பெயர். ஒரே நாளில் வீடு திரும்பலாம் என்று ஒரு படத்தின் கீழே எழுதியிருந்தது. படத்தில் இருந்தவனுக்கு முதலிலிருந்தே தொப்பை இருந்த மாதிரி தெரியவில்லை. அது அப்போது என் கண்ணில் படவில்லை.

என் மலையிலும் என் உறவிலும் இதைப் பற்றி விவரம் கேட்கத் தகுதியான ஒரே ஆள் மேனகாதான். அதனால் அவளிடம் மட்டும் சொல்லவே கூடாது என்று தீர்மானித்தேன். வீட்டில் சேலத்தில் ஆபீஸ் பயிற்சி என்றேன். உண்மை தெரிந்த ஒரே ஜீவன் என் பக்கத்து மேசைக்காரன் பழனிசாமி. மருத்துவமனையில் கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உயிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவனைக் கற்பூரம் ஏற்றாத குறையாகச் சத்தியம் செய்ய வைத்துத்தான் கூட்டிப் போனேன்.

சேலத்து டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. பொறுமையானவர். இப்போது நினைத்தால் அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சொன்னார். நான்தான் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவன் மந்திரத்தைக் கேட்பது போலக் கேட்டேன்.

முதலில் என் தொப்பையை இரண்டு விரலால் கொத்தாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டுச் சொன்னார்: "கைக்கு வர்றது தோலுக்குக் கீழ இருக்கற கொழுப்பு. அதை நான் எடுக்கலாம். கைக்கு வராதது உள்ள, குடலைச் சுத்தி இருக்கு. அதை யாராலயும் குழாய் விட்டு எடுக்க முடியாது. அது நீங்க நடந்து கரைக்க வேண்டியது. உங்களுக்கு ரெண்டும் பாதிப் பாதி."

எனக்குக் காதில் விழுந்தது 'எடுக்கலாம்' என்ற சொல் மட்டும்.

இது எடை குறைக்கும் வைத்தியம் அல்ல, உடம்பின் வடிவத்தைத் திருத்துவது மட்டுமே என்றார். எடையில் இரண்டு, மூன்று கிலோ குறைந்தால் அதிகம் என்றார். முடிந்த உடனே வயிறு வீங்கும், முன்பு இருந்ததைவிடப் பெரிதாகக்கூடத் தெரியும், அந்த வீக்கம் வடிய வாரக்கணக்காகும், உண்மையான பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும் என்றார். கல்யாணத் தேதியைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணத்தை முடித்துவிட்டு நிதானமாக வரச் சொன்னார். என் உடம்பு வாகு வேறு, எனக்கு எல்லாம் சீக்கிரம் ஆறும் என்று அவருக்கு மருத்துவம் விளக்கினேன். வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். இரண்டு மூன்று நாள் சேலத்திலேயே தங்க இடமிருக்கிறதா என்றார். அத்தை வீடு இருக்கிறது என்றேன். (சேலத்தில் எனக்கு அத்தையும் இல்லை, வீடும் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ் இருந்தது.) ரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பத்து நாள் கழித்து, அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. நிற்க வைத்து, என் வயிற்றின் மீது பேனாவால் வட்டம் வட்டமாகக் கோடு போட்டார்கள். நில அளவைக்காரர் வந்துபோன காடு மாதிரி ஆகிவிட்டது வயிறு. பிறகு படுக்க வைத்து, பாதி மயக்கத்துக்கு ஒரு ஊசி. நான்கு இடத்தில், மிளகு நுழையும் அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டை. அதன் வழியாக உப்புத் தண்ணீரும், மரத்துப்போகும் மருந்தும், ரத்தம் கசியாமல் இருக்க இன்னொரு மருந்தும் கலந்து உள்ளே ஏற்றினார்கள். லிட்டர் கணக்கில். தொப்பையைக் குறைக்க வந்தவனின் தொப்பை என் கண் எதிரிலேயே பலாப்பழமாக ஏறிக்கொண்டிருந்தது. ஆள் மாறிவிட்டதோ என்று கேட்க நினைத்தேன். நாக்கு புரளவில்லை.

அப்புறம் பென்சில் கனத்தில் ஒரு இரும்புக் குழாயை அந்த ஓட்டையில் விட்டு முன்னும் பின்னும், முன்னும் பின்னும். வலி இல்லை. ஆனால் யாரோ நம்மை உள்ளிருந்து ஒட்டடை அடிக்கிறார்கள் என்பது தெரியும். குழாயின் மறுமுனை ஒரு மெஷினுக்குப் போனது. மெஷினிலிருந்து ஜாடிக்கு. இரண்டு மணி நேரம் கழித்து அந்த ஜாடியைப் பழனிசாமிக்குக் காட்டினார்கள். மஞ்சளும் சிவப்பும் கலந்து இரண்டரை லிட்டர். நன்றாகப் பார்த்துவிட்டு அவன் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டான். அவனுக்கும் ஒரு குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

ஓட்டைகளைத் தைக்கவில்லை. மிச்சத் தண்ணீர் வடிய வேண்டுமாம். ஒன்றிரண்டு நாள் இளஞ்சிவப்பாகக் கசியும், பார்த்தால் ரத்தம் போல இருக்கும், பயப்பட வேண்டாம், பஞ்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மார்பிலிருந்து தொடை வரை ஒரு இறுக்கமான உறை மாட்டினார்கள். வரிசையாகக் கொக்கி. ஆறு வாரம் இரவும் பகலும் அதற்குள்தான் வாசம். காலில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க மெதுவாக நடக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ கெண்டைக்கால் வீங்கினாலோ அந்த நிமிடமே ஓடி வர வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, மலை பஸ்ஸில் மட்டும் இப்போதைக்கு ஏறாதீர்கள் என்று தனியாக ஒரு தடவை சொன்னார்.

மறுநாள் காலையில் பழனிசாமி லீவு இல்லை என்று முதல் பஸ்ஸில் போய்விட்டான். லாட்ஜ் அறையில் நானும் என் உறையும். வலியே இல்லை. மரத்துப்போகும் மருந்து ஒரு நாள் வரை வேலை செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதை என் உடம்பின் வீரம் என்று புரிந்துகொண்டேன். எதற்குச் சும்மா படுத்துக்கிடப்பது என்று மதியம் கிளம்பிவிட்டேன். புது மாப்பிள்ளை அல்லவா, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

பேளுக்குறிச்சியில் பஸ் நின்றது. ஏறியவர் மேனகாவின் அப்பா.

நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் இருந்த பொட்டலத்தைக் காட்டினார். மகளுக்குச் சீராக ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு. நல்ல கனம், நல்ல கூர்மை. பயிற்சி எல்லாம் முடிந்ததா என்று விசாரித்தார். முடிந்தது என்றேன். பஸ் காரவள்ளியைத் தாண்டி மலையேறத் தொடங்கியது.

வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் நான் மாமாவின் மேல் சாய்ந்தேன். இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் மாமாவும் குத்துவிளக்கும் என் மேல் சாய்ந்தார்கள். ஒன்பதாவது வளைவில் மருந்து தன் வேலையை முடித்துக்கொண்டது. அதற்கு மேல் என் உடம்பின் வீரம் மட்டும்தான் மிச்சம். பதினைந்தாவது வளைவில் வயிற்றில் ஏதோ சூடாக இறங்கியது. பதினெட்டில் மாமா என் சட்டையைப் பார்த்தார்.

"என்னுங்க மாப்ள, சட்டையில செவப்பா?"

"தக்காளிங்க மாமா."

அவர் என் மடியைப் பார்த்தார், காலுக்குக் கீழே பார்த்தார், மேலே கம்பியில் பார்த்தார். தக்காளிப் பை எங்கேயும் இல்லை. அடுத்த வளைவில் சிவப்பு வேட்டிக்கு இறங்கியது. அதற்கடுத்ததில் சீட்டுக்கு. பின்னால் இருந்த அம்மா ஒருவர் பையனைக் குத்திப் போட்டிருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொன்னார். பஸ் நின்றது. கண்டக்டர் கீழே திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். ஆஸ்பத்திரி என்றதும் நான் அழாத குறையாக வேண்டாம் என்று கெஞ்சினேன். ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போனால் போதும் என்றேன். கெஞ்சுகிறவனைப் பார்த்து எல்லோருக்கும் சந்தேகம் இன்னும் உறுதியானது.

மாமா தோள் துண்டை மடித்து என் வயிற்றில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மிச்சமிருந்த ஐம்பது வளைவும் பிடித்த பிடியை விடவில்லை. குத்துவிளக்கு பஸ்ஸுக்குள் உருண்டுகொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முப்பத்தொரு வருட வாழ்க்கையில் வெட்கம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் கட்டிலில் கிடத்தினார்கள். அப்பா ஒரு ஓரம், அம்மா ஒரு ஓரம், வாசல் நிறைய ஊர். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலக் கிடந்தேன். எனக்கு நெருங்கியவன் என்று பழனிசாமியை அழைத்து வந்தார்கள். நேர்மையான பயல். சத்தியத்தைக் காப்பாற்றினான்.

"சேலத்து ஆஸ்பத்திரியில வயித்துல இருந்து எடுத்துட்டாங்க. என் கண்ணால பார்த்தேன். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றான்.

வாசலில் யாரோ மெல்லச் சொன்னார்கள். கிட்னி.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தை சும்மா வருவதில்லை. மலைக்குக் கீழே கஷ்டப்பட்ட ஜனங்களைப் பிடித்து, காசு கொடுத்துக் கிட்னியை எடுத்ததாகக் கேட்ட கதைகள் எல்லோருக்கும் தெரியும். அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டார்: "எந்தப் பக்கம் சாமி?"

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனிதனாக இருந்தால் சொல்லியிருப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். கிட்னி போனவன் என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. தொப்பையைக் குழாய் வைத்து எடுத்துக்கொண்டவன் என்றால் என்ன இருக்கிறது? ஆகவே, இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அன்று மாலை முழுவதும் நான் தியாகி. ஒருவர் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். என்னோடு பத்து வருடமாகப் பேசாத சித்தப்பா வந்து தலையைத் தடவினார். அப்பா மட்டும் உள்ளே வரவில்லை. வெளியில் களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தார். என்ன கஷ்டம் இருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்கலாமே, நான் அவ்வளவு ஆகாதவனாகிவிட்டேனா என்று மாமாவிடம் சொன்னார். மாமா எழுந்து போய்விட்டார். அது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்த பிறகு சூப் தொண்டையில் இறங்கவில்லை. (பாதிதான் இறங்கவில்லை. மீதி அதற்கு முன்பே குடித்தாகிவிட்டது.)

மறுநாள் காலை மாமாவோடு மேனகா வந்தாள். லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். நாடியைப் பிடித்தாள், கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தாள், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். பிறகு அனுமதி கேட்காமல் சட்டையைத் தூக்கினாள். உள்ளே உறை, வரிசையாகக் கொக்கி. கசிவு நின்றிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

"எத்தனை ஓட்டைங்க?"

"நாலு."

"எவ்வளவு எடுத்தாங்க?"

"ரெண்டரை லிட்டர்."

சட்டையை இறக்கிவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்க தொப்பையப் பாத்துட்டுத்தானுங்க நான் சரின்னு சொன்னேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது. ஊட்ல ஒருத்தருக்கும் சொல்லாமப் போய் டேபிள்ல படுத்திருக்கீங்க. ஏதாவது ஆயிருந்தா எங்களுக்கு யாருங்க போன் பண்ணுவாங்க?" என்றாள். என் சட்டையை நேராக்கிவிட்டு, "எங்கப்பா நேத்திலிருந்து சாப்பிடலை" என்றாள்.

ஆல்பம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. நானே வெளியே போய் எல்லோரிடமும் என் வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு என்றாள். எப்படியும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பார்கள், வாசல் வரை நடங்கள் என்று கதவைத் திறந்துவிட்டாள்.

நடந்தேன். அந்தப் பத்தடிதான் என் வாழ்நாளின் பெரிய நடை. வாசலில் நின்று, கிட்னி இரண்டும் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உப்புத் தண்ணீர், குழாய், ஜாடி. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, எடுத்ததை என்ன செய்தார்கள் என்று கேட்டார். சூப் கொடுத்தவர் பாத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாரத்துக்கு ரெண்டு நாளு காட்டுக்கு வந்திருந்தா நானே எடுத்து உட்டிருப்பேனே" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது தோள் குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

மாமாவின் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் வயிற்றைக் காட்டி, வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். வலிக்கிறது என்றேன். நல்லது என்றார்.

கல்யாணம் நடந்தது. டாக்டர் சொன்னது ஒன்று விடாமல் பலித்தது. வீக்கம் இன்னும் வடியவில்லை. நான்கு அங்குலம் குறைத்துத் தைக்கச் சொல்லி டெய்லரை மிரட்டி வாங்கிய கல்யாணச் சட்டை, ஒரு பொத்தானோடு நின்றுவிட்டது. மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கன்றிப்போன நிறம் வயிற்றிலிருந்து மெல்ல இறங்கி, முகூர்த்தத்தன்று தொடையில் பச்சையும் மஞ்சளுமாக நின்றது. உறையோடு என்னால் குனிய முடியாது. எல்லாக் கல்யாணத்திலும் மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுவான். எங்கள் கல்யாணத்தில் மேனகா முட்டி போட்டு எழுந்து, என் கைக்குக் கழுத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதே போட்டோக்காரர்தான். இந்த முறை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஆறு மாதம் கழித்து வீக்கம் முழுவதும் வடிந்து, முன்பக்கம் கொஞ்சம் தட்டையானது உண்மை. தொப்புளுக்குக் கீழே மட்டும் பல மாதம் மரத்தே கிடந்தது. எடை பார்த்தேன். இரண்டு கிலோ குறைந்திருந்தது. அடுத்த பலாப்பழ சீசனில் மூன்று கிலோ ஏறியது. எடுத்த இடத்தில் அவ்வளவாக ஏறவில்லை, டாக்டர் கைராசிக்காரர். முதுகிலும் கையிலும் ஏறியது. இப்போதெல்லாம் காலையில் மேனகா என்னைக் காட்டுக்குத் துரத்திவிடுகிறாள். குடலைச் சுற்றி இருக்கும் என் பங்குப் பாதியை நானே நடந்து கரைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குச் சாட்சி அப்பா. மரத்தின் மேலிருந்து என் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு வாசலில் அடக்கிக்கொண்ட சிரிப்பை ஊர் பிற்பாடு தவணை முறையில் சிரித்துத் தீர்த்தது. ஆனால் எங்கள் வீட்டில் நிலைத்துப்போனது வேறொன்று. நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால், எடுத்தெறிந்து பேசினால், மற்ற வீடுகளில் 'கொழுப்பா' என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்பதில்லை. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் குழம்பில் உப்பு குறைவு என்று அதிகாரமாக ஒரு வார்த்தை சொன்னேன். மாமா விருந்துக்கு வந்திருந்தார். சோற்றைப் பிசைந்தபடியே, யாரையும் பார்க்காமல், "மாப்ளைக்கு மறுக்கா சேலம் போகோணுமாட்ட இருக்குதுங்க" என்றார்.

இப்போது இரண்டு குடும்பத்திலும் அதுதான் சொல். அடம்பிடிக்கும் குழந்தைக்கும் சேலம், மதிக்காத மருமகனுக்கும் சேலம். வம்பு என்னவென்றால், நிஜமாகவே சேலத்துக்குப் போக வேண்டியவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. நேற்று அம்மா கண் பரிசோதனைக்குக் கிளம்பினார். பஸ் ஏறும் வரை, வழியில் பார்த்த ஒவ்வொருவரிடமும் நின்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார்: "கண்ணு பாக்கத்தானுங்க போறேன். வேற ஒண்ணுமில்லீங்க."